கண்ணோரம் வெட்டும் மின்னல்

அன்புள்ள சகோதரிக்கு,

கும்பகோணத்திலிருந்து நீங்கள் எழுதிய முதல் கடிதத்தைப் படித்ததுமே, "இன்றே போய்க் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று உங்களுக்குத் தனியாகச் சேதி அனுப்பினேன். நீங்களும் போனீர்கள். போய்வந்து எழுதிய இரண்டாவது கடிதத்தில், விழித்திரையில் கிழிசல் எதுவும் இல்லை என்று மருத்துவர் சொன்னதையும், அடுத்த வரியிலேயே உங்கள் குறையையும் எழுதியிருந்தீர்கள். "ஒன்றுமில்லை என்று சொன்னவர் எதற்காக ஆறு வாரத்தில் மறுபடி வரச் சொல்கிறார்? ஒன்றுமில்லை என்றால் இந்த வெளிச்சம் ஏன் இன்னும் வெட்டுகிறது?"

நியாயமான கேள்விகள். உங்கள் சம்மதத்தோடு, பெயரை விட்டுவிட்டு, பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்களைப் போலவே இருட்டில் ஒரு கீற்றைப் பார்த்துவிட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருப்பவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பார்கள்.

நீங்கள் விவரித்த விதமே பாதி விடையைத் தந்துவிட்டது. இரவில் விளக்கை அணைத்த பிறகு வலது பக்கம் திரும்பினால், வலது கண்ணின் காதோரப் பக்கத்தில் ஒரு வில் போல வெள்ளை வெளிச்சம் வெட்டி மறைகிறது. ஒரு நொடிகூட இருப்பதில்லை. முதல் நாள் வெளியே மின்னுகிறது என்று எண்ணி, கொடியில் கிடந்த துணிகளை எடுக்க ஓடியிருக்கிறீர்கள். வானம் வெறித்திருந்தது. மறுநாள் அதே கண்ணில் வளையம் போல ஒரு கரும்புள்ளி மிதக்கத் தொடங்கியது. வலி இல்லை, சிவப்பு இல்லை, பார்வையும் குறையவில்லை. வயது ஐம்பத்தேழு. பள்ளிக்கூட நாளிலிருந்தே மைனஸ் பவர் கண்ணாடி.

இவ்வளவும் சேர்ந்து வந்தால் கண் மருத்துவர் முதலில் நினைப்பது கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் என்ற கூழைத்தான். விழியின் பெரும்பகுதியை நிரப்பிக்கொண்டிருப்பது அதுதான். அளவு சுமார் 4 மில்லிலிட்டர். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர், அதைக் கூழாகக் கட்டிப் பிடித்திருக்க மெல்லிய கொலாஜன் இழைகள், கொஞ்சம் ஹையலூரானிக் அமிலம். இளவயதில் அது இளநுங்கு மாதிரி தெளிவாகவும் கெட்டியாகவும் இருக்கும். வயது ஏற ஏற உள்ளே அங்கங்கே தண்ணீராகிக் குளம் கட்டும். இழைகள் ஒன்றோடொன்று சுருண்டு ஒட்டிக்கொள்ளும். ஒரு கட்டத்தில் கூழ் முழுவதும் தளர்ந்து, பின்னால் ஒட்டியிருக்கும் விழித்திரையை விட்டுப் பிரிந்து முன்னுக்கு வரும். ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடையில் பெரும்பாலோருக்கு இது நடக்கும். மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்குச் சில வருடம் முன்னதாகவே வரும். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் அப்படித்தான். நரை விழுவது போல இது வயதின் வேலை. நோய் என்று சொல்ல முடியாது.

ஆனால் பிரிகிற வேலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. சில இடங்களில் கூழ் விழித்திரையை இறுக்கமாகப் பிடித்திருக்கும். கண்ணைத் திருப்பும்போது உள்ளே கூழ் குலுங்கும், பிடித்திருக்கும் இடத்தை இழுக்கும். அந்த இழுப்புத்தான் உங்களுக்கு வெளிச்சமாகத் தெரிகிறது. வெளியிலிருந்து எந்த ஒளியும் வரவில்லை. இழுபட்ட விழித்திரையிலிருந்து மூளைக்கு ஒரு சேதி போகிறது. விழித்திரையிலிருந்து எது வந்தாலும் மூளை அதை வெளிச்சம் என்றுதான் படிக்கும். மூக்குப் பக்கத்து விழித்திரை இழுபட்டால் காதுப் பக்கத்தில் வெளிச்சம் தெரியும். கண்ணில் எல்லாம் இடவலம் மாறித்தான் விழுகிறது. பகலிலும் இந்த இழுப்பு இருக்கும். சுற்றிலும் இருக்கும் வெளிச்சத்தில் அது கரைந்துபோகிறது, அவ்வளவுதான்.

வெளியே ஒளி இல்லாமலே வெளிச்சம் தெரிவதை முன்பே பலர் கவனித்திருக்கிறார்கள். நியூட்டன் தம் இளவயதில், 1660களில், மழுங்கிய ஊசி ஒன்றைத் தம் கண்ணுக்கும் எலும்புக்கும் நடுவே செருகி விழியைப் பின்னாலிருந்து அழுத்திப் பார்த்து, வெள்ளையாகவும் நிறமாகவும் வட்டங்கள் தெரிந்ததைக் குறிப்பேட்டில் படம் போட்டு வைத்திருக்கிறார். யாரும் செய்யக்கூடாத காரியம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யோஹானஸ் முல்லர் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர் இதை விதியாகவே சொன்னார்: ஒரு நரம்பை எதனால் தூண்டினாலும் அது தனக்குரிய உணர்வையே தரும். கன்னத்தில் பலமாக ஓர் அறை விழுந்தால் கண்ணில் பொறி பறப்பதும், கண்ணைக் கசக்கினால் பூப்பூவாகத் தெரிவதும் இதனால்தான். 1969இல் அப்போலோ 11 பயணத்தில், இருட்டில் கண்ணை மூடியிருந்தும் வெளிச்சப் பொட்டுகள் தெரிந்ததாக பஸ் ஆல்ட்ரின் சொன்னார். அது காஸ்மிக் கதிர்த் துகள்கள் விண்கலச் சுவரையும் மூடிய இமையையும் ஊடுருவிக் கண்ணுக்குள் பாய்ந்ததால் வந்தது என்பது பிறகு ஆராய்ந்து தெரிந்த செய்தி.

இதை இவ்வளவு தூரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விழித்திரையில் வலியை உணரும் நரம்பு இல்லை. அது இழுபட்டாலும் வலிக்காது, கிழிந்தாலும் வலிக்காது, சுவரை விட்டுக் கழன்று வந்தாலும் வலிக்காது. தனக்கு ஏதோ நடக்கிறது என்று அது சொல்ல முடிந்த ஒரே வழி, இந்தப் பளிச்சும், கூடவே வரும் கரும்புள்ளிகளும், பிறகு பார்வையில் விழும் நிழலும்தான். நம் வீடுகளில் வலியை வைத்துத்தான் நோயை அளக்கிறோம். பல்வலி என்றால் நடுராத்திரியிலும் ஆட்டோ பிடிக்கிறோம். வலிக்காத கண்ணுக்கு யாரும் அவசரப்படுவதில்லை.

நீங்களும் நான்கு நாள் காத்திருந்தீர்கள். உடம்புச் சூடு என்று எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்கள். சம்பந்தியம்மா சொன்னதற்காக நந்தியாவட்டைப் பூவை இமைமேல் வைத்துக் கட்டினீர்கள். அடுத்த நாள் கண்ணாடிக் கடைக்குப் போய்க் கம்ப்யூட்டரில் பார்த்ததில் பவர் மாறவில்லை என்றார்கள், நிம்மதியாகத் திரும்பிவிட்டீர்கள். உங்களைக் கடிந்துகொள்ள இதை எழுதவில்லை. என் அறைக்குத் தாமதமாக வருகிறவர்களில் பெரும்பாலோர் இதே பாதையில்தான் வருகிறார்கள், அவர்களிலும் பெண்களே அதிகம். வீட்டில் ஒரு விசேஷம், பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல், மாதக் கடைசி என்று தன் கண்ணைக் கடைசி வரிசையில் வைத்துவிடுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். கண்ணாடிக் கடையில் பார்ப்பது பவரை. கிழிசல் விழுவது பெரும்பாலும் விழித்திரையின் ஓரத்தில். ஓரம் கிழிந்திருந்தாலும் நடுப்பார்வை சுத்தமாக இருக்கும், கடைசி வரி எழுத்தும் தெரியும். இமைமேல் வைக்கும் பூவோ, கண்ணில் விடும் எந்தச் சாறோ விழித்திரையை எட்டப்போவதில்லை. கண்ணில் சாறு விட்டால் கருவிழியில் புண் வரலாம் என்பது கூடுதல் ஆபத்து.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மின்னலும் புள்ளியுமாக, கூழ் புதிதாகப் பிரிந்து வருகிறவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு விழித்திரையில் கிழிசல் இருந்தது. ஏழில் ஆறு பேருக்கு ஒன்றுமில்லை. நீங்கள் அந்த ஆறு பேரில் ஒருவர், இதுவரை. அந்த "இதுவரை"க்காகத்தான் ஆறு வாரம். கூழ் பிரிவது ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை. சில வாரங்கள் நீளும். முதல் பரிசோதனையில் சுத்தமாக இருந்தவர்களிலும் நூற்றுக்கு மூன்று, நான்கு பேருக்கு அடுத்த ஆறு வாரத்துக்குள் புதிதாகக் கிழிசல் விழுந்திருக்கிறது. உங்கள் மருத்துவர் முதல் நாள் பார்த்ததில் குறை ஒன்றும் இல்லை. கூழ் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் இடங்கள் விட்டுவிட்டனவா, விடும்போது எதையாவது பிய்த்துக்கொண்டு வந்ததா என்பதை ஆறாவது வாரத்தில்தான் பார்க்க முடியும். வெளிச்சம் இன்னும் வெட்டுவதற்கும் அதே காரணம்தான்: எங்கோ இன்னும் இழுபடுகிறது. சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், அது குறைந்து நின்றுவிடும். வளையப் புள்ளி அதைவிடக் கொஞ்சம் அதிக நாள் கூடவே வரும். பார்வை நரம்பைச் சுற்றி ஒட்டியிருந்த விளிம்பு அப்படியே பிரிந்து மிதப்பதுதான் அந்த வளையம். அது கொஞ்சம் கீழே இறங்கும், மூளையும் அதைச் சட்டைசெய்யாமல் இருக்கப் பழகிக்கொள்ளும்.

மின்னலின் தோற்றத்தை வைத்தே கிழிசல் உண்டா இல்லையா என்று சொல்லிவிட முடியாதா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியாது. 1935இல் பாஸ்டர் மூர் என்ற ஆங்கிலேயக் கண் மருத்துவர் நீங்கள் சொன்ன இதே வெட்டொளியை, நடுவயதில், காதோரப் பக்கத்தில், புள்ளிகளோடு வருவதை, அழகாக விவரித்து எழுதினார். அது தீங்கற்றது என்றும் சொன்னார். அவர் விவரித்தது இன்றும் அப்படியே பொருந்துகிறது, தீங்கற்றது என்ற முடிவுதான் எல்லோருக்கும் பொருந்தவில்லை. அதே மாதிரி மின்னலோடு வந்தவர்களில் சிலருக்குப் பின்னாளில் கிழிசல் கண்டுபிடித்தார்கள். பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கண்பாப்பாவை மருந்தால் விரித்து உள்ளே பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

கிழிசலுக்கு ஏன் இத்தனை பயப்படுகிறோம் என்றால், தண்ணீரான விட்ரியஸ் அந்த ஓட்டை வழியே விழித்திரையின் பின்னால் புகுந்து, அதைக் கண்ணின் சுவரிலிருந்து கிளப்பிவிடும். சுவரில் இருக்கும் ரத்தக்குழாய்ப் படலம்தான் விழித்திரையின் ஒளியுணரும் செல்களுக்கு உணவு கொடுக்கிறது. அதை விட்டு விலகிய இடம் பட்டினி கிடந்து செத்துப்போகும். ஓரத்திலிருந்து கருப்புத் திரை இறங்குவது போலவோ ஏறுவது போலவோ பார்வை மறையும். நடுவில் இருக்கும் மேக்குலா, அதாவது நாம் படிக்கவும் முகம் பார்க்கவும் பயன்படுத்தும் இடம், இன்னும் ஒட்டியிருக்கும்போதே ஆபரேஷன் செய்துவிட்டால் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். மேக்குலாவும் கழன்ற பிறகு ஒட்டவைத்தால், விழித்திரை ஒட்டும், பழைய தெளிவு திரும்புவது உறுதியில்லை. அதனால்தான் இதில் நாட்களை எண்ணுகிறோம். சில சமயம் மணிகளை.

நூறு வருடத்துக்கு முன்னால் இதற்கு வைத்தியமே இல்லை என்பதை இன்று நினைத்துப் பார்க்கவும் கஷ்டமாக இருக்கிறது. விழித்திரை கழன்றவர்களை மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்தி வைப்பார்கள், பெரும்பாலும் குருடாகிவிடுவார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் இருந்த ஜூல் கோனான்தான், கழலுவதற்குக் காரணமே அந்தக் கிழிசல், அதைத் தேடி அடைத்தால் விழித்திரை ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னவர். பழுக்கக் காய்ச்சிய முனையால் வெளியிலிருந்து கிழிசல் இருந்த இடத்தைச் சுட்டு அடைத்தார். பல வருடம் யாரும் நம்பவில்லை. 1929இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேசக் கண் மருத்துவ மாநாட்டில்தான் உலகம் அவரை ஒப்புக்கொண்டது.

உங்களைப் பரிசோதித்த மருத்துவர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, மேலே பாருங்கள், கீழே பாருங்கள் என்று சொல்லி, இமைமேல் ஒரு கருவியால் அழுத்தியதில் வலித்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தலைவிளக்குக் கருவி பெல்ஜியத்தைச் சேர்ந்த சார்லஸ் ஷெப்பன்ஸ் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லண்டனில் உருவாக்கியது. நாஜிகள் தேடியபோது பிரான்ஸின் பிரனீஸ் மலையடிவாரத்தில் வேறு பெயரில் மரம் அறுக்கும் ஆலை நடத்தி, மலை தாண்டி ஸ்பெயினுக்கு ஆட்களைத் தப்புவித்த மனிதர் அவர். பிறகு பாஸ்டனில் குடியேறி விழித்திரை மருத்துவத்தையே ஒரு தனித் துறையாக வளர்த்தார். அவரிடம் பயின்று ஊர் திரும்பியவர்களில் ஒருவர் டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத், 1978இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கியவர். அழுத்திப் பார்த்தது உங்களைச் சிரமப்படுத்தத்தான் செய்திருக்கும். ஆனால் விழித்திரையின் கடைக்கோடி ஓரத்தைப் பார்வைக்குள் கொண்டுவர அதைவிட நல்ல உபாயம் இன்றுவரை இல்லை. அப்படி அழுத்திப் பார்த்த மருத்துவர் தம் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்று நான் சொல்வேன்.

கிழிசல் மட்டும் இருந்து, இன்னும் கழலாமல் இருந்தால், வைத்தியம் எளிது. சொட்டு மருந்திலேயே கண்ணை மரத்துப்போகச் செய்து, கிழிசலைச் சுற்றி லேசரால் சூடு வைப்பார்கள். சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம். சூடு வைத்த இடம் தழும்பாகி இறுகிப் பிடிக்கப் பத்து நாள், இரண்டு வாரம் ஆகும். இந்த யோசனை பிறந்த கதை சூரியனிலிருந்து தொடங்குகிறது. 1945 ஜூலையில் வந்த கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரை வெந்துபோன ஒரு மருத்துவ மாணவரைப் பரிசோதித்த ஜெர்மன் மருத்துவர் கெர்ட் மையர்-ஷ்விக்கெராத், ஒளியால் சுட முடியும் என்றால் அதைக் கொண்டு அடைக்கவும் முடியுமே என்று யோசித்தார். முதலில் மருத்துவமனைக் கூரையில் கண்ணாடிகள் வைத்துச் சூரிய வெளிச்சத்தையே நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தினார். பிறகு செனான் விளக்கு, அதற்குப் பிறகு லேசர்.

விழித்திரை கழன்றேவிட்டால் பெரிய ஆபரேஷன்தான். கண்ணைச் சுற்றி வெளியே சிலிக்கான் பட்டை தைப்பது ஒரு முறை. உள்ளே நுழைந்து விட்ரியஸை அகற்றிவிட்டுக் காற்றோ வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்புவது இன்னொன்று. இந்தக் காலத்தில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேருக்கு முதல் முயற்சியிலேயே ஒட்டிவிடுகிறது. வாயு வைத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, நம் ஊருக்கு இது அவசியம்: வாயு கரைகிற வரை விமானத்தில் ஏறக்கூடாது, கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போகக்கூடாது. உயரம் போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், கண்ணுக்குள் வாயு விரிந்து அழுத்தம் ஏறும், பார்வையே போய்விடலாம். வாயுவைப் பொறுத்து இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை ஆகும். ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறோம் என்று குலதெய்வம் கும்பிட மலை ஏறிவிடுகிறவர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன்.

உங்கள் மகளைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவருக்கும் சில சமயம் வெளிச்சம் தெரிகிறது, இது பரம்பரையா என்று. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது முற்றிலும் வேறு விஷயம். முதலில் படிக்கிற எழுத்தில் நடுவே ஒரு சின்ன இடம் மறைகிறது. அதன் விளிம்பில் கோணல்மாணலாக, கோட்டை மதில் போல ஒரு வளைவு மினுமினுத்துக்கொண்டே பெரிதாகி, இருபது இருபத்தைந்து நிமிடத்தில் ஓரத்துக்குப் போய் மறைந்துவிடுகிறது. பிறகு ஒரு பக்கமாகத் தலை வெடிக்கிறது. கண்ணை மூடினாலும் தெரிகிறது, எந்தக் கண்ணை மூடினாலும் தெரிகிறது. இது மைக்ரேனின் முன்னறிவிப்பு. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, மூளையின் பின்புறத்தில் பார்வைக்கான புறணியில் நடப்பது. 1870இல் ஹியூபர்ட் ஏரி என்ற ஆங்கிலேயர் தமக்கு வந்ததையே நிமிடத்துக்கு நிமிடம் வண்ணப்படமாக வரைந்து வெளியிட்டார். உங்கள் மகள் அந்தப் படத்தைப் பார்த்தால் இது என்னுடையது என்பார். 1941இல் கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் தம் பார்வையில் அந்த வளைவு நகர்ந்த வேகத்தை அளந்து, மூளையில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் பரவுகிறது என்று கணக்குப் போட்டார். மூன்று வருடம் கழித்து லியாவோ என்ற பிரேசில்காரர் முயலின் மூளையில் அதே வேகத்தில் பரவும் ஓர் அலையைக் கண்டுபிடித்தார். இரண்டும் ஒரே விஷயம்தான் என்பது பின்னர் தெளிவானது.

மைக்ரேன் குடும்பவழி வருவது உண்மைதான், ஆனால் உங்கள் கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவர் நரம்பு மருத்துவரையோ பொது மருத்துவரையோ ஒருமுறை பார்க்கட்டும். ஒன்றை மட்டும் தவறாமல் அங்கே சொல்லச் சொல்லுங்கள்: கருத்தடை மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்பதை. இப்படி முன்னறிவிப்போடு மைக்ரேன் வரும் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும் என்பதால் வேறு வழியைத்தான் மருத்துவர்கள் சொல்வார்கள். அறுபது வயதுக்காரர்களுக்குத் தலைவலியே இல்லாமல் இந்த மினுமினுப்பு மட்டும் வருவதும் உண்டு. அந்த வயதில் அது முதல் முறையாக வந்தால், மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆக, வெளிச்சம் தெரிகிறவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது: ஒரு கண்ணிலா, இரண்டிலுமா? ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். நொடியில் மறைகிறதா, நிமிடக்கணக்கில் பரவுகிறதா? இருட்டிலா, வெளிச்சத்திலா? இந்த மூன்றாவது கேள்வி கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு முக்கியம். பக்கவாட்டில் விளக்கு எரியும்போது மட்டும் ஓரத்தில் வில் போல ஒளி தெரிந்தால், அது உள்ளே வைத்த லென்ஸின் விளிம்பில் பட்டுச் சிதறுவதாக இருக்கலாம். விளக்கை அணைத்தால் போய்விடும். இருட்டில் வெட்டினால் அப்படி விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் புரை ஆபரேஷனுக்குப் பிறகு விழித்திரை கழலும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்.

வெளிச்சம் தெரிய வேறு காரணங்களும் உண்டு. இதயத் துடிப்பைக் குறைக்கக் கொடுக்கும் ஐவாப்ரடின் மாத்திரை சிலருக்கு, திடீரென்று வெளிச்சம் மாறும்போது, கண்ணில் ஒளிவட்டங்களைக் காட்டும். பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்தில் வரும், போகவும் செய்யும். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் இதய மருத்துவரிடம் சொன்னால் போதும். சட்டென்று எழுந்து நிற்கும்போது இரண்டு கண்ணிலும் மினுக்மினுக்கென்று தெரிந்து தலை சுற்றினால் அது ரத்த அழுத்தம் இறங்குவது. "கண்ணுல பூச்சி பறக்குது" என்று பசியையும் களைப்பையும் சொல்லிச் சொல்லிப் பழகியதால், ஒரு கண்ணில் மட்டும் நிஜமாகவே பூச்சி பறக்கும்போதும் ஒரு டம்ளர் மோரோடு முடித்துக்கொள்கிறோம் என்பதுதான் என் கவலை. இளவயதினருக்குக் கண்ணை அசைத்தால் வலியும், வலியோடு மின்னலும், நிறங்கள் மங்குவதும் வந்தால் பார்வை நரம்பில் அழற்சியாக இருக்கலாம். அதுவும் தள்ளிப்போடக் கூடாதது.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மின்னல் எதுவும் இல்லாமலேகூட திடீரென்று கண்ணுக்குள் புகை சூழ்ந்தது போலவோ, மை கொட்டியது போலவோ ஆனால் அது ரத்தக்கசிவு. சர்க்கரையால் புதிதாக முளைத்த பலவீனமான குழாய்கள் உடைந்திருக்கலாம், கிழிசலில் ஒரு குழாய் அறுந்திருக்கலாம். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும்: கூழ் பிரியும்போது ரத்தமும் கசிந்திருந்தால், பாதிக்கு மேற்பட்டவர்களிடம் எங்காவது கிழிசல் இருக்கிறது. எனவே ரத்தம் கரையட்டும் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

உங்களுக்கு இந்த ஆறு வாரத்தில் கவனிக்க வேண்டியது இவ்வளவுதான். மின்னல் திடீரென்று அதிகமானால், மிளகைத் தூவியது போலப் புள்ளிகள் கூட்டமாக வந்தால், எந்தப் பக்கத்திலிருந்தாவது நிழல் விழுந்தால், மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒவ்வொன்றிலும் கண் பிரிவு இருக்கிறது. உங்களுக்குத் தஞ்சாவூர் பக்கம். சென்னையில் இருப்பவர்களுக்கு 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. போனதும் "ஒரு கண்ணில் புதிதாக மின்னலும் புள்ளியும்" என்று சீட்டுப் போடும் இடத்திலேயே சொல்லுங்கள். "கண் சரியாகத் தெரியவில்லை" என்று மட்டும் சொன்னால் கண்ணாடிச் சோதனை வரிசையில் உட்கார வைத்துவிடக்கூடும். தினமும் காலையில் ஒரு கண்ணை மூடி எதிர்ச்சுவரின் நான்கு மூலையும் தெரிகிறதா என்று பாருங்கள், பிறகு மறு கண்ணை. அரை நிமிடம் போதும்.

கோயம்புத்தூர்க் கல்யாணத்துக்குப் பேருந்தில் போகலாமா, பேத்தியைத் தூக்கலாமா, குனிந்து கோலம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கிழிசல் இல்லாதவரை சாதாரண வேலை எதையும் நிறுத்த வேண்டியதில்லை. குனிவதால் விழித்திரை கிழியாது. தாராளமாகப் பேத்தியைத் தூக்குங்கள், கல்யாணத்துக்குப் போங்கள். கண்ணில் நேராக அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள். கோயம்புத்தூரில் இருக்கும்போது ஏதாவது மாறினால் ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அங்கேயே காட்டிவிடுங்கள். இடது கண்ணிலும் இதே கூழ் பிரிவு இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் வரக்கூடும். அப்போது, ஏற்கனவே பார்த்ததுதானே என்று விட்டுவிடாமல், இந்த முறை போலவே போய்க் காட்டுங்கள்.

மறுபரிசோதனைக்குத் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். சொட்டு மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் எழுத்து மங்கும், வெயில் கூசும், ஸ்கூட்டி ஓட்ட முடியாது. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையும், முதல் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். துணைக்கு உங்கள் தங்கையே வரட்டும். அவருக்கு உங்களைவிட அதிகமான மைனஸ் பவர், ஒருமுறைகூட மருந்து விட்டுப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர் கண்ணையும் அன்றே பார்த்துவிடச் சொல்லுங்கள்; மின்னல் எதுவும் தெரியாவிட்டாலும் சரி. மைனஸ் கண்களில் விழித்திரையின் ஓரம் மெலிந்திருப்பது சகஜம், அது முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது.

போய்வந்ததும் இரண்டு பேர் சேதியையும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கண் மருத்துவ நண்பர்